மயக்க மருந்தும் புற்றுநோயும்: ஒரு பிந்திய திருத்தம்

இன்று அச்சாகும் செய்தி நாளை வடை சுற்றப் போய்விடும் என்று எங்கள் காலத்து ஆசிரியபீடங்களில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பிழைவிட்டவர் மனதைத் தேற்றிக்கொள்வதற்கும் அந்த வாசகம் உதவியது. அது எப்போதும் உண்மையல்ல என்பதை அண்மையில் ஓர் இரவு வந்த தொலைபேசி அழைப்பு எனக்கு உணர்த்தியது.

அழைத்தவர் ரொறன்ரோவில் வசிக்கும் எனது சிறியதாயாரின் மகள். மார்பகத்தில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு, சத்திரசிகிச்சைக்குத் திகதியும் குறிக்கப்பட்டிருந்தது. இன்னும் பன்னிரண்டு நாட்கள். நோயைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"அண்ணை, முழு மயக்கம் குடுத்து வெட்டினால் இந்த நோய் திரும்பி வருமாம், விறைப்பூசி எண்டால் வராதாம். இஞ்சை முழு மயக்கம்தானாம் குடுக்கிறவை. திகதியைத் தள்ளிப்போடச் சொல்லட்டோ?"

யார் சொன்னது என்று கேட்டேன். இணையத்தில் கண்ட எதையாவது சொல்வார் என்றே எதிர்பார்த்தேன். "உங்கடை பேப்பரிலை வந்ததுதானே. அப்பா வெட்டி ஒட்டி வைச்ச கொப்பியிலை இருக்குது" என்றார்.

எனது சிறியதந்தையார் பத்திரிகைகளிலிருந்து மருத்துவச் செய்திகளைக் கத்தரித்து அப்பியாசக் கொப்பிகளில் ஒட்டிவைக்கும் வழக்கமுடையவர். அவர் மறைந்த பின்னர் அந்தக் கொப்பிகளை மகள் கனடாவுக்குக் கொண்டுபோயிருந்தார். கத்தரித்த அந்தத் துண்டைப் படம் பிடித்து அனுப்பினார். 2006 ஆம் ஆண்டுச் செய்தி. நான்கு பந்திகள். "மயக்க மருந்தை மாற்றினால் மார்பகப் புற்றுநோய் திரும்பாது" என்பது தலைப்பு.

அந்தத் தலைப்பை இட்டவன் நான். வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்தின் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கியவர் வேறொருவராயினும், அதைச் செப்பனிட்டுத் தலைப்பிட்டுப் பக்கத்தில் சேர்த்தவன் நானே. பின்னர் வெளிவந்த திருத்தச் செய்தியை எமது பத்திரிகை பிரசுரிக்கவில்லை. எனவே அந்தத் திருத்தத்தை, பிந்தியேனும், இங்கே எழுத வேண்டியவனாகிறேன். சிறியதந்தையாரைப் போன்று கத்தரித்து வைத்தவர்கள் இன்னும் எத்தனை பேரோ!

2006 இல் வந்த ஆய்வு

அந்தச் செய்தியின் மூலம் அயர்லாந்தின் டப்ளின் நகரில் மேற்கொள்ளப்பட்ட ஓர் ஆய்வு. மயக்க மருந்தியல் துறையின் முன்னணிச் சஞ்சிகை ஒன்றில் 2006 இல் அது வெளியானது. மார்பகப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 129 பெண்களின் பழைய மருத்துவக் குறிப்புகளை ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்தார்கள். அவர்களுள் 50 பேருக்கு முழு மயக்கத்துடன், முள்ளந்தண்டின் அருகே நரம்புகளை விறைக்கச் செய்யும் ஊசியும் போடப்பட்டிருந்தது. ஏனைய 79 பேருக்கு முழு மயக்கமும், பின்னர் வலிக்கு மோர்பீனும் கொடுக்கப்பட்டிருந்தன. மூன்று வருட முடிவில் நோய் திரும்பாமலும் பரவாமலும் இருந்தோர், விறைப்பூசி பெற்ற குழுவில் நூற்றுக்கு 94 பேர். மற்றைய குழுவில் நூற்றுக்கு 77 பேர்.

இந்த எண்களைக் கண்டவர் எவரும் நிமிர்ந்து உட்காரவே செய்வர். புதிய மருந்து எதுவுமில்லை; கோடிக்கணக்கான செலவுமில்லை. கூடத்தில் ஏற்கெனவே இருக்கும் ஊசியை வேறோர் இடத்தில் போட்டால் போதும் என்றல்லவா அவை சொல்கின்றன?

ஆயினும் அதே கட்டுரை வேறொன்றையும் சொன்னது. இது பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்த ஆய்வு, முன்கூட்டியே திட்டமிட்டு நடத்தும் பரிசோதனைகளினால் இதனைச் சோதித்துப் பார்ப்பது தகும் என்று ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். எமது செய்தியில் அந்த வாக்கியம் இல்லை. 129 என்ற எண்ணும் இல்லை. இடம் போதாமல் கடைசிப் பந்தியை வெட்டுவது பத்திரிகைத் தொழிலின் வழமை. ஆய்வாளரின் எச்சரிக்கை எப்போதும் கடைசிப் பந்தியில்தான் இருக்கும். "திரும்பாது" என்ற சொல்லையோ அந்த ஆய்வாளர்கள் எங்குமே பயன்படுத்தவில்லை. அது நான் கொடுத்த சொல்.

ஏன் நம்பத் தோன்றியது?

இந்தக் கருத்து அடிப்படையற்ற கற்பனை அன்று என்பதையும் சொல்லவேண்டும்.

முழு மயக்கத்தின் வரலாறே மார்பகப் புற்றுநோயுடன் பிணைந்துள்ளது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஈதர் பகிரங்கமாகப் பயன்படுத்திக் காட்டப்பட்டது 1846 இல். அதற்கு நாற்பத்திரண்டு வருடங்கள் முன்னரே, 1804 ஒக்டோபரில், ஜப்பானிய வைத்தியர் ஹனஒகா செய்சூ ஊமத்தை முதலிய மூலிகைகளின் கலவையைப் பருகக்கொடுத்து அறுபது வயதுப் பெண்ணொருவரை மயக்கத்தில் ஆழ்த்தி, அவரது மார்பகக் கட்டியை அகற்றினார். எமது வேலியோரங்களில் வளரும் அதே ஊமத்தை இனம்தான். சத்திரசிகிச்சை வலியின்றி முடிந்தது. ஆனால் அந்தப் பெண் சில மாதங்களில் இறந்துவிட்டார். கட்டியை அகற்றுவது ஒன்று, நோயை நிறுத்துவது வேறொன்று என்பது அன்றே தெரிந்த விடயம்.

கட்டி முழுதாக அகற்றப்பட்ட பின்னரும் சிலருக்கு நோய் ஏன் திரும்புகின்றது? கண்ணுக்குத் தெரியாத புற்றுநோய்க் கலங்கள் சில ஏற்கெனவே உடலின் வேறிடங்களில் தங்கியிருக்கலாம். கட்டியைக் கையாளும்போது மேலும் சில குருதியில் கலக்கலாம். சாதாரண காலத்தில் இத்தகைய கலங்களைத் தேடி அழிக்கும் வெண்குருதிக் கலங்கள் உடலில் உள்ளன. இயற்கைக் கொல்லிக் கலங்கள் என்று அவற்றிற்குப் பெயர். ஆனால் கத்தி பட்ட உடல் அதனைப் பெரும் காயமாகவே எடுத்துக்கொள்கின்றது. அதிரினலின், கோட்டிசோல் போன்ற ஓமோன்கள் பெருகுகின்றன, அழற்சி ஏற்படுகின்றது, இந்தக் காவற்கலங்கள் சில நாட்களுக்குச் சோர்ந்துபோகின்றன. காவல் தளரும் அந்தச் சில நாட்களே எஞ்சிய புற்றுநோய்க் கலங்கள் வேரூன்றும் தருணம் என்பது விஞ்ஞானிகளின் ஊகம்.

மயக்க மருந்து இங்கேதான் கதைக்குள் வருகின்றது. மோர்பீனும், நோயாளி சுவாசிக்கும் மயக்க வாயுக்களும் இந்தக் காவற்கலங்களை மேலும் தளர்த்துவதாகச் சில ஆய்வுகூடப் பரிசோதனைகள் காட்டின. நரம்பினூடாகச் செலுத்தப்படும் புரொபோபோல் என்ற மருந்து அவ்வளவு பாதிப்பதில்லை என்று காணப்பட்டது. விறைப்பூசியோ வலிச் செய்தி முள்ளந்தண்டை அடையுமுன்னரே தடுத்துவிடுவதால் ஓமோன்களின் எழுச்சி குறைகின்றது. மோர்பீனின் தேவையும் குறைகின்றது. இஸ்ரேலின் தெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் ஷம்கார் பென்-எலியாகு என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் எலிகளில் செய்த பரிசோதனைகள், சத்திரசிகிச்சையின் தாக்கத்தைத் தணித்தால் புற்றுநோய் பரவுவதும் குறைவதைக் காட்டின.

ஆக, ஆய்வுகூடம் ஒரு திசையைக் காட்டியது. எலிகள் அதே திசையைக் காட்டின. 129 பெண்களின் குறிப்பேடுகளும் அதே திசையைக் காட்டின. மூன்று சாட்சிகள் ஒத்துப்போகும்போது நம்பாமல் இருப்பது கடினம். எனினும் இவற்றுள் நேரில் கண்ட சாட்சி ஒன்றுமே இல்லை.

பன்னிரண்டு வருட உழைப்பு

டப்ளின் ஆய்வை எழுதியவர்கள் தாங்கள் கேட்ட பரிசோதனையைத் தாங்களே தொடங்கினார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டானியல் செஸ்லரும், டப்ளினைச் சேர்ந்த டொனல் பகியும் அவர்களுள் முக்கியமானவர்கள். 2007 ஜனவரியில் முதலாவது நோயாளி சேர்க்கப்பட்டார். கடைசி நோயாளி சேர்க்கப்பட்டது 2018 ஜனவரியில். ஆர்ஜென்ரீனா, ஒஸ்ரியா, சீனா, ஜேர்மனி, அயர்லாந்து, நியூசிலாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா ஆகிய எட்டு நாடுகளின் 13 வைத்தியசாலைகளைச் சேர்ந்த இரண்டாயிரத்து நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் இதில் பங்கெடுத்தனர்.

இந்தப் பரிசோதனையில் எந்தப் பெண்ணுக்கு எந்த முறை என்பதை வைத்தியர் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைப் போன்று எழுமாறாகவே அது தீர்மானிக்கப்பட்டது. ஒரு குழுவினருக்கு முள்ளந்தண்டருகே விறைப்பூசியும் புரொபோபோலும். மற்றைய குழுவினருக்கு செவோபுளூரேன் என்ற மயக்க வாயுவும் மோர்பீன் வகை வலி நிவாரணிகளும். வேறு வார்த்தைகளிற் கூறுவதாயின், நல்லதென்று நம்பப்பட்டவை யாவும் ஒருபக்கம். கெட்டதென்று சந்தேகிக்கப்பட்டவை யாவும் மறுபக்கம்.

முடிவு 2019 இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியானது. விறைப்பூசிக் குழுவின் 1,043 பேரில் 102 பேருக்கு நோய் திரும்பியது. மற்றைய குழுவின் 1,065 பேரில் 111 பேருக்குத் திரும்பியது. இரண்டும் நூற்றுக்குப் பத்துத்தான். ஆறு மாதங்களின் பின்னரும் வெட்டிய இடத்தில் நீடிக்கும் வலியை விறைப்பூசி குறைக்கும் என்றும் எதிர்பார்த்தார்கள். அதிலும் வித்தியாசமில்லை, இரு குழுக்களிலும் நூற்றுக்கு 52 பேர்.

2006 இல் அந்த நம்பிக்கையை உலகுக்குத் தந்தவர்களே 2019 இல் அதனை மறுத்து எழுதினார்கள். தமது பெயருக்குப் புகழ் தேடித்தந்த கருத்தைச் சோதிக்கப் பன்னிரண்டு வருடங்களைச் செலவிட்டு, அது பொய்த்துப்போனதும் அதனை ஒளிக்காமல் வெளியிட்டமை சாதாரண காரியமன்று. அவர்கள் தமது தலைப்பைத் திருத்தினார்கள். நாங்கள் எங்களுடையதைத் திருத்தவில்லை. 2019 இல் இந்த முடிவும் செய்தி நிறுவனங்களினூடாக வந்துதான் இருக்கும். "மயக்க மருந்து எதுவானாலும் வித்தியாசமில்லை" என்பதை ஒரு செய்தியாக எந்த ஆசிரியர் எடுத்துக்கொள்வார்? நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் எடுத்திருக்கமாட்டேன் என்பதை ஒத்துக்கொள்கின்றேன்.

மீண்டும் அதே கதை

இதே கதை மயக்க வாயுக்கள் பற்றியும் நடந்தது. 2016 இல் லண்டனின் றோயல் மார்ஸ்டன் புற்றுநோய் வைத்தியசாலையிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஏறத்தாழ ஏழாயிரம் நோயாளிகளின் குறிப்புகளை ஒப்பிட்டபோது, புரொபோபோல் பெற்றவர்களைவிட வாயு சுவாசித்தவர்களின் இறப்பு வீதம் ஒன்றரை மடங்களவு என்று காணப்பட்டது. 129 பேர் அல்ல, ஏழாயிரம் பேர்! இந்த எண்ணிக்கையைக் கண்டு சில மயக்க மருந்து நிபுணர்களே தமது வழமையை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசித்ததாக அறிகிறோம்.

பின்னர் எழுமாற்றுப் பரிசோதனைகளின் முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. சுவீடன் நாட்டினர் தலைமைதாங்கி நடத்திய பரிசோதனையில் மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை பெற்ற 1,700 பெண்கள் வரையில் ஐந்து வருடங்கள் கவனிக்கப்பட்டார்கள். புரொபோபோல் பெற்றவர்களிலும் செவோபுளூரேன் பெற்றவர்களிலும் நூற்றுக்கு 92 பேர் வரையில் உயிருடன் இருந்தனர். சீனாவில் பெரும் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட முதியவர்கள் 1,200 பேரளவில் தொடரப்பட்டு 2023 இல் வெளியான முடிவும் அதுவே. ஓர் எளிய வலி நிவாரணியான கீற்றோரோலக் பற்றி 2010 இல் பெல்ஜியத்திலிருந்து வந்த நம்பிக்கையும், சிறியதாயினும் முறையாக நடத்தப்பட்ட 2019 ஆம் ஆண்டுப் பரிசோதனையில் கரைந்துபோயிற்று.

ஏழாயிரம் பேரின் குறிப்புகள் எப்படித் தவறான வழியைக் காட்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு வைத்தியசாலையில் எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பது காரணத்துடனேயே தீர்மானிக்கப்படுகின்றது. நோய் முற்றியவர், இருதய நோயுள்ளவர், அவசரமாகக் கொண்டுவரப்பட்டவர், நீண்ட சத்திரசிகிச்சைக்கு உட்பட்டவர் என ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தெரிவு. கணக்கியலாளர்கள் இவற்றைக் கழித்துப் பார்க்க முயல்வர். ஆனால் குறிப்பேட்டில் எழுதப்பட்டதைத்தானே கழிக்கலாம்? வைத்தியர் நோயாளியின் முகத்தைப் பார்த்து மனதில் எடுத்த கணிப்பு எந்தக் குறிப்பேட்டிலும் இருப்பதில்லை. இறுதியில் மருந்தின் வேறுபாடு என்று நாம் காண்பது நோயாளிகளின் வேறுபாடாகவே இருக்கலாம். எண்ணிக்கை பெருகுவதால் இந்தக் குறை நீங்குவதில்லை. தராசு பிழையானால் எத்தனை முறை நிறுத்தாலும் பிழைதான்.

மும்பாயிலிருந்து வந்த செய்தி

இவ்வளவும் எழுதிவிட்டு, "ஆகவே இந்தத் துறையில் ஒன்றுமேயில்லை" என்று முடித்தால் நான் இன்னொரு பிழையான தலைப்பை இட்டவனாவேன்.

மும்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலையின் பணிப்பாளராக அப்போதிருந்த ராஜேந்திர பட்வே தலைமையில், இந்தியாவின் 11 புற்றுநோய் நிலையங்கள் சேர்ந்து 2011 இல் ஒரு பரிசோதனையைத் தொடங்கின. ஆரம்ப நிலையிலுள்ள மார்பகப் புற்றுநோயுடைய 1,600 பெண்கள் எழுமாறாக இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். எல்லோருக்கும் வழமையான முழு மயக்கம், வழமையான சத்திரசிகிச்சை, வழமையான பின் சிகிச்சைகள். ஒரேயொரு வேறுபாடு: ஒரு குழுவினருக்குக் கட்டியைச் சூழவுள்ள இடமெங்கும், கத்தி வைப்பதற்கு ஏழு முதல் பத்து நிமிடங்களுக்கு முன்னர், லிடோகெயின் ஊசி போடப்பட்டது. பல் பிடுங்கும்போது முரசை விறைக்கச் செய்வதற்குப் போடுவார்களே, அந்த மருந்துதான்; லிக்னோகெயின் என்றும் சொல்வர்.

2023 இல் முடிவு வெளியானது. ஐந்து வருடங்களின் பின்னர் ஊசி பெற்ற குழுவில் உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு 90.1, பெறாத குழுவில் 86.4. நோய் திரும்பாமல் இருந்தோர் முறையே 86.6, 82.6. அதாவது நூறு பெண்களுக்கு ஏறத்தாழ நால்வர் வீதம் அதிகமாகத் தப்பினார்கள். ஊசியினால் பாதகமான விளைவெதுவும் காணப்படவில்லை. நால்வர்தானே என்று எண்ணவேண்டாம். இதற்கு நிகரான பயனைத் தருகின்ற, இலட்சக்கணக்கில் விலையுள்ள மருந்துகள் உலகில் உண்டு. லிடோகெயினோ 1940 களில் சுவீடனில் கண்டுபிடிக்கப்பட்ட, காப்புரிமை எப்போதோ காலாவதியான, கிராமத்து வைத்தியசாலையிலும் கிடைக்கின்ற மலிவான மருந்து.

இது குறிப்பேடுகளைப் புரட்டியதன்று. முறையான எழுமாற்றுப் பரிசோதனை. எனவே நான் மேலே ஒதுக்கியவற்றுடன் சேர்த்து இதனை ஒதுக்கிவிட முடியாது. அதேவேளை இது ஒரு நாட்டில் நடந்த ஒரு பரிசோதனை. மற்றைய குழுவினருக்கு மருந்தற்ற வெறும் ஊசி போடப்படவில்லை என்ற குறையையும் நிபுணர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். கட்டியைச் சூழப் போடும் ஊசிக்குக் கிடைத்த பயன், அதே மருந்தை நரம்பினூடாக ஏற்றினால் கிடைக்கும் என்று எண்ணவும் முடியாது. சீனாவில் கணையப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையின்போது 500 க்கும் மேற்பட்டோரில் அவ்வாறு செய்து பார்த்து 2022 இல் வெளியான முடிவில் ஆயுளில் வித்தியாசம் காணப்படவில்லை. மெல்போர்ணின் பீற்றர் மக்கலம் புற்றுநோய் நிலையத்தினர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை இலக்காகக்கொண்டு குடல், நுரையீரல் புற்றுநோய்களில் தொடங்கிய பெரும் பரிசோதனை, வாயுவா புரொபோபோலா என்பதுடன் நரம்பினூடான லிடோகெயினையும் சேர்த்தே கேட்கின்றது.

எனது ஆதங்கம் வேறொன்று. மும்பாயின் முடிவு மெய்யானால் உலகெங்கும் வருடந்தோறும் பல்லாயிரம் பெண்கள் பிழைப்பர். மெய்யல்லவென்றால் அதுவும் தெரியவேண்டும். இரண்டையும் அறிய ஒரே வழி, வேறு நாடுகளில் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்வதே. ஆனால் காப்புரிமையில்லாத மருந்துக்காக எந்த மருந்துக் கம்பனி பணம் செலவிடும்? புதிய மருந்தொன்று இதே பெறுபேற்றைக் காட்டியிருந்தால் மறுவருடமே பத்து நாடுகளில் பரிசோதனை தொடங்கியிருக்கும். மலிவு என்பதே இந்த மருந்தின் குற்றமாகிவிட்டது. இத்தகைய கேள்விகளுக்கு விடை காணும் பொறுப்பு அரசாங்க வைத்தியசாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்குமே உரியது. இந்தியாவின் பொது வைத்தியசாலைகள் அதனைச் செய்து காட்டின. இலவச மருத்துவத்தைப் பெருமையுடன் பேசும் எமது நாட்டில் மஹரகமை வைத்தியசாலையில் மட்டும் வருடந்தோறும் எத்தனையோ மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைகள் நடைபெறுகின்றன. எமது மருத்துவபீடங்கள் இத்தகைய பரிசோதனையொன்றில் கைகோர்க்க இயலாதா? மருந்து எங்கள் களஞ்சியத்திலேயே இருக்கின்றது.

நோயாளிக்குச் சொல்லவேண்டியது

இனி எனது தங்கையின் கேள்விக்கு வருகின்றேன். நான் வைத்தியனல்லன். ஆகவே, நீண்டகாலம் மயக்க மருந்து நிபுணராகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற நண்பரொருவரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே அவருக்குப் பதிலளித்தேன்.

முதலாவது, மயக்க மருந்தின் பொருட்டுத் திகதியைத் தள்ளிப்போடக்கூடாது. 2020 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஏழு வகைப் புற்றுநோய்களில் பன்னிரண்டு இலட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சத்திரசிகிச்சை நான்கு வாரம் பிந்தினால் இறக்கும் அபாயம் 6 முதல் 8 வீதம் அதிகரிப்பதாக அது கண்டது. நூறு பேரில் ஆறு பேர் கூடுதலாக இறப்பர் என்பது இதன் பொருளன்று. ஏற்கெனவே உள்ள அபாயம் அந்த அளவால் கூடுகின்றது என்பதே பொருள். இதுவும் குறிப்பேடுகளிலிருந்து பெற்ற கணக்குத்தானே என்று கூர்மையான வாசகர் கேட்பார். உண்மைதான். எவரையும் எழுமாறாகக் காக்கவைத்துச் சாகவிட முடியாதாகையால் இங்கே வேறு வழியில்லை. ஆனால் ஒருபுறம் பல நாடுகளின் ஆய்வுகள் ஒரே முகமாகச் சொல்லும் அபாயம். மறுபுறம் முறையாகச் சோதித்துப் பொய்யென்று கண்ட பயன். எதற்காக எதை இழப்பது?

இரண்டாவது, வலியைப் பொறுத்துக்கொண்டு மோர்பீனை மறுக்கவேண்டியதில்லை. இந்தப் பயத்தினால் வலி நிவாரணியை வேண்டாமென்று சொல்லும் நோயாளிகள் இருக்கிறார்கள் என்று நண்பர் வருத்தத்துடன் கூறினார். லான்செற் ஆய்வில் மோர்பீன் வகை மருந்துகளைப் பெற்றவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பவில்லை.

மூன்றாவது, விறைப்பூசிக்கு அதற்கேயுரிய நன்மைகள் உண்டு. சத்திரசிகிச்சையை அடுத்த மணித்தியாலங்களில் வலியையும் குமட்டலையும் அது குறைக்கலாம். அதற்காகக் கேட்பதில் தவறில்லை. புற்றுநோய் திரும்பாது என்பதற்காகக் கேட்கவேண்டாம். மும்பாய் ஊசியைப் பற்றிச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் தாராளமாக விசாரிக்கலாம். அவர் மறுத்தால் அதற்காக வேறு வைத்தியசாலை தேடி அலையவேண்டாம்.

நான்காவது, மயக்க மருந்து நிபுணரிடம் கட்டாயம் சொல்லவேண்டியவை வேறு: முன்னர் மயக்கம் கொடுத்தபோது ஏதும் நேர்ந்ததா, எந்த மருந்து ஒவ்வாது, ஆஸ்துமா, இருதய நோய், நீரிழிவு உண்டா, என்னென்ன மாத்திரைகள் எடுக்கிறீர்கள், ஆடும் பல் ஏதும் இருக்கிறதா என்பன. ஊரிலிருந்து தருவித்த சூரணமும் இந்தக் கணக்கில் சேரும். எம்மவர்கள் இணையத்தில் கண்ட ஆய்வுகளைப் பற்றி வைத்தியரிடம் அரை மணிநேரம் விவாதிப்பார்கள். தினமும் குடிக்கும் கசாயத்தைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள் என்றார் நண்பர்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தங்கை சிறிது நேரம் பேசவில்லை. "அப்ப அப்பா ஒட்டி வைச்சது பிழையோ அண்ணை?" என்று கேட்டார். அப்பா ஒட்டிவைத்தது பிழையல்ல, நான் எழுதிக்கொடுத்ததுதான் பிழை என்றேன்.

குறித்த திகதியிலேயே அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. முழு மயக்கம்தான். இப்போது பின் சிகிச்சைகளைப் பெற்றுக்கொண்டிருக்கிறார். நோய் திரும்புமா என்பதை நான் சொல்ல முடியாது. அவருடைய வைத்தியர்களாலும் இப்போது சொல்ல முடியாது. திரும்பாது என்று ஒரு தலைப்பில் எழுதிவிடும் துணிவு இனி எனக்கில்லை.

அந்தக் கொப்பியில் குறித்த பக்கத்தின் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருப்பதாகச் சொன்னார். அதில் எழுதிவைக்கும்படி ஒரு திருத்தத்தைத் தொலைபேசியில் சொன்னேன். பத்திரிகையில் வந்திருக்கவேண்டிய வாசகம் அதுவே:

"2006 ஆம் ஆண்டு எமது பத்திரிகையில் 'மயக்க மருந்தை மாற்றினால் மார்பகப் புற்றுநோய் திரும்பாது' என்ற தலைப்பில் வெளியான செய்தி, 129 பேரின் பழைய குறிப்புகளை மட்டும் அடிப்படையாகக் கொண்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் செய்யப்பட்டு 2019 இல் வெளியான பரிசோதனையில் அது உறுதிப்படவில்லை. தவறுக்கு வருந்துகிறோம்."

இதனை வாசிப்பவர்களின் வீடுகளிலும் அத்தகைய கொப்பிகள் இருக்குமானால், அந்தப் பக்கத்தைத் தேடி இதனையும் எழுதிவைக்குமாறு வேண்டுகின்றேன்.